வேலை இல்லை என்றதற்குக் காரணம் கேட்பது யார்?

தாராவி நைன்ட்டி ஃபீட் ரோட்டில் ஒரு மாடி அறையில், சனிக்கிழமை சாயங்காலங்களில் பிள்ளைகளுக்கு பயோடேட்டா எழுதிக் கொடுக்கிறேன். எட்டு வருஷமாக இது நடக்கிறது. பி.காம். முடித்தவர்கள், ஐ.டி.ஐ. முடித்தவர்கள், பன்னிரண்டாவதோடு நின்றவர்கள் என்று எல்லாரும் வருவார்கள். போன மழைக்காலத்தில் ஒரு தம்பி வந்தான். டேலி தெரியும், ஜி.எஸ்.டி. கணக்குத் தாக்கல் செய்யத் தெரியும், மராத்தியும் இந்தியும் தண்ணீர் பட்ட பாடு. முப்பது இடத்துக்கு மேல் போட்டும் ஒரு போன்கூட வரவில்லை என்றான். அவன் தாளை மேலும் கீழும் பார்த்தேன். எனக்குக் குறை ஒன்றும் தெரியவில்லை. அவனே முகவரியின் கடைசியில் விரலை வைத்தான். 400017.

"அக்கா, இதை மாத்திப் போட்டுப் பார்க்கட்டா?"

செம்பூரில் அவனுடைய சித்தப்பா வீடு இருக்கிறது. அந்த முகவரியைப் போட்டான். செம்பூர் பின்கோடு 400071. கடைசி இரண்டு எண் இடம் மாறியதுதான் கண்ணுக்குத் தெரிந்த மாற்றம். அடுத்த இரண்டு வாரத்தில் மூன்று இன்டர்வியூ வந்தது.

ஒரு பையனுக்கு நடந்ததை வைத்து ஊர் முழுக்க இப்படித்தான் என்று சொல்ல மாட்டேன். அந்த இரண்டு வாரத்தில் ஆள் தேவை கூடியிருக்கலாம். ஆனால் என்னைத் தூங்கவிடாமல் செய்தது வேறொன்று. முதல் முப்பது இடங்களில் யார், எதைப் பார்த்து ஒதுக்கினார்கள் என்று கேட்க அவனுக்கு ஒரு வாசல்கூட இல்லை. அதற்குப் பிறகுதான் நாங்கள் சிலர் சேர்ந்து எங்கள் எம்.எல்.ஏ.வுக்கும் எம்.பி.க்கும் மனு எழுதுவது என்று முடிவு செய்தோம். என்ன கேட்பது என்பதிலேயே மூன்று சனிக்கிழமை போய்விட்டது. ஆள் எடுப்பதில் பாரபட்சம் இருக்கிறதா என்று பார்க்க அரசு ஓர் ஆணையம் வைக்க வேண்டும் என்பது ஒரு பக்கம். சட்டமும் கோர்ட்டும் இருக்கும்போது புதிதாக எதற்கு என்பது இன்னொரு பக்கம். அரசாங்கத்தை உள்ளே விட்டால் முதல் அடி நமக்குத்தான் விழும் என்று ஓர் அண்ணாச்சி. நான் ஆணையத்தின் பக்கம். எப்படிப்பட்ட ஆணையம் என்பதில்தான் என் பேச்சு எல்லாம்.

இப்போது கையில் இருப்பது

அரசியலமைப்பின் 16ஆம் பிரிவு தரும் சமவாய்ப்பு அரசு வேலைக்கு மட்டுமே. அந்தேரியில் இருக்கும் ஒரு தனியார் கம்பெனியை அது கட்டுப்படுத்தாது. தனியாருக்கு என்று இருப்பவை துண்டு துண்டான சட்டங்கள். பெண் என்பதற்காக வேலைக்கு எடுக்காமல் விடக் கூடாது என்று 1976இன் சம ஊதியச் சட்டம் சொன்னது. 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்தில் ஊதியச் சட்டத் தொகுப்பு இருக்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்கு 2016ஆம் ஆண்டுச் சட்டம், எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு 2017, திருநங்கை, திருநம்பிகளுக்கு 2019. தீண்டாமையை வைத்து வேலை மறுத்தால் 1955இன் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டமும் 1989இன் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் உண்டு.

சரி, மதம்? மொழி? பிறந்த ஊர்? குடியிருக்கும் தெரு? தனியார் வேலைக்கு ஆள் எடுக்கும்போது இவற்றைப் பார்த்து ஒதுக்கக் கூடாது என்று சொல்லும் பொதுச் சட்டம் நம்மிடம் இல்லை. வேலையில் பாரபட்சத்தை ஒழிப்போம் என்ற சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 111ஆவது உடன்படிக்கையை இந்தியா 1960இலேயே ஏற்றுக்கொண்டது. அப்படி இருந்தும் அந்தத் தம்பி எந்தச் சட்டத்தைக் கையில் எடுத்துக்கொண்டு எந்த ஆபீசுக்குப் போவான் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

சட்டம் இருக்கும் இடத்திலும் பாதை நீளம். மும்பையில் ஒரு கப்பல் கம்பெனியில் சுருக்கெழுத்தராக இருந்த பெண், அதே வேலை பார்த்த ஆண்களை விடத் தனக்குச் சம்பளம் குறைவு என்று வழக்குப் போட்டார். அவர் வேலையை இழந்தது 1977இல். உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது 1987இல். இத்தனைக்கும் அவரிடம் ஆதாரம் இருந்தது. ஆணுக்கு இவ்வளவு, பெண்ணுக்கு இவ்வளவு என்று சம்பளம் எழுத்தில் இருந்தது. வேலையே கிடைக்காதவரிடம் என்ன தாள் இருக்கும்? "எங்களுக்கு இன்னொருவர் பொருத்தமாகத் தெரிந்தார்" என்ற ஒரு வரியோடு கம்பெனி நகர்ந்துவிடும். வன்கொடுமைச் சட்டம் குற்றவியல் சட்டம் வேறு. சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டும். வராத ஒரு போன்காலை வைத்துக்கொண்டு அதை யாரால் நிரூபிக்க முடியும்?

2024இல் நம் ஊர்ப் பக்கம் நடந்ததையும் சொல்ல வேண்டும். ஸ்ரீபெரும்புதூர் ஐபோன் தொழிற்சாலையில் கல்யாணமான பெண்களை வேலைக்கு எடுப்பதில்லை என்று ராய்ட்டர்ஸ் ஜூன் மாதம் செய்தி வெளியிட்டது. நிறுவனம் அதை மறுத்தது. செய்தி வந்த பிறகுதான் மத்திய தொழிலாளர் அமைச்சகம் தமிழ்நாட்டு அரசிடம் அறிக்கை கேட்டது, மனித உரிமை ஆணையம் நோட்டீஸ் அனுப்பியது, அதிகாரிகள் தொழிற்சாலைக்குப் போனார்கள். யார் சொன்னது சரி என்பதற்குள் நான் போகவில்லை. ஒரு வெளிநாட்டுச் செய்தி நிறுவனம் எழுதிய பிறகுதான் அரசு கேள்வி கேட்கிறது என்றால், எந்தச் செய்தியாளரும் எட்டிப் பார்க்காத பிவண்டி கிடங்கையும் மலாடு கால் சென்டரையும் யார் கேட்பார்கள்?

கம்பெனிகளே பார்த்துக்கொள்ளட்டும் என்றால்

இதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. 2006இல் தனியார் துறையில் இடஒதுக்கீடு வருமோ என்ற பேச்சு எழுந்தபோது, தொழிலதிபர்களின் அமைப்புகளான சி.ஐ.ஐ.யும் அசோசெமும் தாங்களாகவே ஒரு நடத்தை விதியைக் கொண்டுவந்தன. அதில் மனசு வைத்து உழைத்த கம்பெனிகளும் உண்டு. ஆனால் அது விரும்பினால் செய்வது. மனசு வைக்காத கம்பெனியை அது எதுவும் செய்யாது.

பாலியல் தொல்லைக்கு 2013 சட்டம் வைத்த மாதிரி, பத்துப் பேரோ அதற்கு மேலோ இருக்கும் இடங்களில் இதற்கும் உள் கமிட்டி வைக்கலாமே என்று எங்கள் கூட்டத்தில் ஒரு தங்கை கேட்டாள். நல்ல யோசனைதான், உள்ளே இருப்பவர்களுக்கு. வேலைக்கு மனுப் போட்டவன் இன்னும் வாசலிலேயே நிற்கிறான். அந்தக் கமிட்டியில் யார் இருக்கிறார்கள் என்றுகூட அவனுக்குத் தெரியாது.

புகாருக்காகக் காத்திருக்கும் ஆணையம், தானே போய்ப் பார்க்கும் ஆணையம்

ஆணையம் என்றதும் எல்லாரும் அமெரிக்காவைச் சொல்வார்கள். அங்கே 1964 குடிமை உரிமைகள் சட்டத்தின்படி வேலைவாய்ப்புச் சமத்துவ ஆணையம் 1965இல் வேலையைத் தொடங்கியது. முதல் ஏழு வருஷம் சமரசம் பேசத்தான் முடிந்தது. வழக்குப் போடும் அதிகாரம் 1972இல்தான் கிடைத்தது. 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களுக்குச் சட்டம் பொருந்தும். கோர்ட்டுக்குப் போவதற்கு முன்னால் ஆணையத்தில் புகார் கொடுக்க வேண்டும், அதுவும் 180 நாளுக்குள், பல மாநிலங்களில் 300 நாளுக்குள். சமீப வருஷங்களில் ஆண்டுக்கு 80,000 புகாருக்கு மேல் வருகிறது.

இதைப் படித்தபோது எனக்குப் பட்ட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. அங்கே வரும் புகார்களில் வேலையை விட்டு நீக்கினார்கள் என்பதுதான் அதிகம். வேலைக்கே எடுக்கவில்லை என்ற புகார் அதோடு பார்த்தால் ரொம்பக் குறைவு. பாரபட்சம் குறைந்துவிட்டது என்று இதற்கு அர்த்தம் இல்லை. நீக்கப்பட்டவருக்கு யார் தன்னை நீக்கினார், பக்கத்து நாற்காலிக்காரரை ஏன் நீக்கவில்லை என்று தெரியும். எடுக்கப்படாதவருக்கு எதுவுமே தெரியாது. தெரியாத ஒன்றைப் பற்றி எப்படிப் புகார் எழுதுவது? ஆகவே புகார்ப் பெட்டியை மட்டும் மாட்டி வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கும் ஆணையம் நமக்கு வந்தால், தம்பி மாதிரி ஆட்களுக்கு அதனால் பெரிய பயன் இருக்காது.

நமக்குப் பொருந்துவது வட அயர்லாந்து என்றுதான் நினைக்கிறேன். பெல்ஃபாஸ்ட்டில் ஒருவருடைய பெயரையும் படித்த பள்ளியையும் குடியிருக்கும் தெருவையும் பார்த்தாலே அவர் கத்தோலிக்கரா புராட்டஸ்டன்டா என்று சொல்லிவிடுவார்கள். வேலை கொடுப்பதும் மறுப்பதும் அதை வைத்தே நடந்தது. 1976இல் சட்டம் போட்டார்கள், புகார் கேட்க ஓர் அமைப்பும் வைத்தார்கள். அது பெரிதாக எதையும் அசைக்கவில்லை. 1989இல் சட்டத்தை மாற்றி எழுதினார்கள். பத்துப் பேருக்கு மேல் வேலை செய்யும் ஒவ்வொரு நிறுவனமும், தன் ஆட்களில் எந்தச் சமூகத்தார் எத்தனை பேர் என்று ஆண்டுதோறும் கணக்குக் கொடுக்க வேண்டும் என்பது இன்று அங்கே இருக்கும் விதி. விண்ணப்பம் போட்டவர்களையும் கணக்கெடுக்க வேண்டும். கணக்குக் கொடுக்காவிட்டால் குற்றம். மூன்று வருஷத்துக்கு ஒரு முறை, ஆள் எடுக்கும் முறையைக் கம்பெனியே திரும்பிப் பார்த்து, குறை இருந்தால் திருத்த வேண்டும். ஆணையம் அந்தத் தாள்களைப் பார்க்கலாம், கேள்வி கேட்கலாம். ஆனால் தீர்ப்புச் சொல்வது ஆணையம் இல்லை. அதற்குத் தனித் தீர்ப்பாயம். 1990இல் கணக்கெடுக்கத் தொடங்கியபோது வேலையில் இருந்தவர்களில் கத்தோலிக்கர் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. பிறகு அது பாதியை ஒட்டி வந்துவிட்டது. படிப்பு பெருகியதும் மக்கள்தொகை மாறியதும் அதற்குக் காரணங்கள்தான். கணக்குக் கொடுக்க வைத்ததற்கும் அதில் பங்கு உண்டு என்று நம்புகிறேன்.

பெல்ஃபாஸ்ட்டை ஏன் பிடித்துக்கொண்டேன் என்றால், மும்பையிலும் பெயரே காட்டிக் கொடுக்கும். இங்கே எந்தப் படிவத்தை எடுத்தாலும் 'ஆட்நாவ்' என்று ஒரு கட்டம் இருக்கும், குடும்பப் பெயருக்கு. நாம் இனிஷியலோடு நிற்பவர்கள். அந்தக் கட்டத்தில் அப்பா பெயரை எழுதிவிட்டு வருவோம். நம் பெரியவர்கள் சாதிப் பெயரை விட்டது எவ்வளவு பெரிய காரியம் என்று எனக்கு மும்பைக்கு வந்த பிறகுதான் புரிந்தது. ஆனால் கட்டம் காலியாக இருந்தால் கேள்வி வாய் வழியாக வரும். "சர்நேம் என்ன? இது அப்பா பெயர்தானே, சர்நேம் என்ன?" ஒரு பெண் பிள்ளை என்னிடம் வந்து, இன்டர்வியூவில் இதை மூன்று தடவை கேட்டார்கள் என்று சொல்லிவிட்டு, நான்காவதாக என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை.

பெயர் எவ்வளவு வேலை செய்கிறது என்பதற்கு ஆய்வும் இருக்கிறது. சுக்தேவ் தோரட், பால் அட்டிவெல் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 66 வாரம் ஆங்கிலப் பத்திரிகை விளம்பரங்களைப் பார்த்து, 548 வேலைகளுக்கு 4,808 விண்ணப்பங்கள் அனுப்பிப் பார்த்தார்கள். எல்லாம் தனியார் வேலை. ஒப்பிட்டுப் பார்த்த விண்ணப்பங்களில் படிப்பும் தகுதியும் ஒன்று, பெயர் மட்டும் வேறு வேறு. 2007இல் இங்கே மும்பையில் இருந்து வரும் எகனாமிக் அண்ட் பொலிடிகல் வீக்லியில் முடிவு வந்தது. உயர்சாதி இந்துப் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்போடு வைத்துப் பார்த்தால், தலித் பெயருக்கு அது ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு. முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒரு பங்கு. அந்தத் தம்பி பின்கோடை மாற்றிச் செய்ததும் இதே சோதனைதான். அதை ஒரு பையன் வயிற்றுப்பாட்டுக்காகத் தன்னந்தனியாகச் செய்ய வேண்டி வந்தது. ஓர் ஆணையம் அதை ஒழுங்காக, வருஷம் முழுக்க, பெரிய கம்பெனிகள் எல்லாவற்றிலும் செய்யலாம். இரண்டு ஒரே மாதிரி விண்ணப்பம் போகும், பெயரோ முகவரியோ மட்டும் மாறும், யாருக்கு போன் வருகிறது என்று பார்க்கும். எந்தக் கம்பெனியில் திரும்பத் திரும்ப ஒரே பக்கம் சாய்கிறதோ, அங்கே போய் ஷார்ட்லிஸ்ட் செய்த தாள்களைக் கேட்கும். நான் அரசாங்க அமைப்பு வேண்டும் என்பது இதற்காகத்தான். ஒரு தனி ஆளாலோ சங்கத்தாலோ கம்பெனியின் தாள்களை வெளியே எடுக்க முடியாது.

இந்த யோசனை நம் நாட்டுக்குப் புதிதில்லை. முஸ்லிம்களின் நிலையை ஆராய்ந்த சச்சார் குழு 2006இல் சமவாய்ப்பு ஆணையம் வேண்டும் என்றது. மாதவ மேனன் தலைமையில் அமைந்த குழு 2008இல் அதற்கு மசோதாவே எழுதிக் கொடுத்தது. 2014 பிப்ரவரியில் அமைச்சரவை அதைச் சிறுபான்மையினருக்கு மட்டும் என்று சுருக்கி ஒப்புக்கொண்டது. அப்புறம் தேர்தல் வந்தது, அதோடு நின்றுவிட்டது. 2017இல் சசி தரூர் பாகுபாட்டுக்கு எதிரான தனிநபர் மசோதா ஒன்றை மக்களவையில் கொண்டுவந்தார். அதுவும் சட்டமாகவில்லை.

அண்ணாச்சியின் பயம்

எங்கள் கூட்டத்தில் ஆணையத்தை எதிர்த்த அண்ணாச்சிக்கு எழுபது தாண்டிவிட்டது. மாட்டுங்காவில் தென்னிந்திய ஓட்டல்கள் மேல் கல் விழுந்ததைச் சின்ன வயதில் கண்ணால் பார்த்தவர். சிவசேனா 1966இல் தொடங்கியது. அதற்கு முன்பிருந்தே பால் தாக்கரேயின் மார்மிக் பத்திரிகை, எந்த ஆபீசில் எத்தனை தென்னிந்தியர்கள் என்று பெயர்ப் பட்டியல் போட்டுக்கொண்டிருந்தது. "யம்மா, நீ கணக்கு கணக்குங்க. அன்னைக்கும் கணக்குத்தான் எடுத்தாங்க" என்றார். அறை அமைதியாகிவிட்டது.

அவர் சொன்னதை நான் லேசாக எடுக்கவில்லை. அரசுச் சலுகை வாங்கும் தொழிற்சாலைகளில் 80 விழுக்காடு உள்ளூர் ஆட்கள் என்ற கொள்கை மகாராஷ்டிரத்தில் நெடுங்காலமாக உண்டு. ஹரியானா ஒரு படி மேலே போய், 30,000 ரூபாய்க்குக் கீழ்ச் சம்பளமுள்ள தனியார் வேலைகளில் 75 விழுக்காடு ஹரியானாக்காரர்களுக்கு என்று சட்டமே போட்டது. 2023 நவம்பரில் பஞ்சாப், ஹரியானா உயர் நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. 2024 ஜூலையில் கர்நாடகமும் அப்படி ஒரு மசோதாவைக் கொண்டுவரப் பார்த்து, எதிர்ப்பு கிளம்பியதும் நிறுத்தி வைத்தது. யாரை எடுக்கலாம் என்று பார்க்கும் அதிகாரம் அரசு கைக்குப் போனால், அது எந்தப் பக்கம் திரும்பும் என்பது ஆட்சியில் இருப்பவரைப் பொறுத்தது. அமெரிக்காவிலும் 2025 ஜனவரியில் அதிபர் டிரம்ப் ஆணையத்தின் இரண்டு உறுப்பினர்களை நீக்கியதால், முடிவெடுக்கத் தேவையான எண்ணிக்கையே இல்லாமல் ஆணையம் பல மாதம் கிடந்தது.

ஆனால் பட்டியலிலும் வித்தியாசம் இருக்கிறது. மார்மிக் போட்டது ஆட்களின் பெயரை. நான் கேட்பது எண்ணிக்கையை மட்டும். இன்னொன்று, அண்ணாச்சி பயப்படும் உள்ளூர்ச் சட்டங்கள் ஆணையம் இல்லாமலேயே வந்தவை. பாரபட்சத் தடைச் சட்டத்தில் பிறந்த ஊரும் தாய்மொழியும் இடம் பெற்றிருந்தால், தமிழன் என்று ஒதுக்கப்பட்டவனுக்கு அதுவே ஒரு பிடிமானம். அவர் பயத்துக்கு நான் கொடுக்கும் பதில் ஆணையத்தின் அமைப்பில் இருக்கிறது. பார்ப்பவர் ஒருவர், தீர்ப்பவர் வேறொருவர். உறுப்பினர்களை முதலமைச்சர் மட்டும் நியமிக்கக் கூடாது, எதிர்க்கட்சித் தலைவரும் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியும் அந்தக் குழுவில் இருக்க வேண்டும். பதவிக் காலம் முடியும் முன் தூக்கக் கூடாது. இவ்வளவும் இருந்தால் பயம் முழுக்கப் போய்விடுமா? போகாது. எனக்கே போகவில்லை. இப்போது இருக்கும் ஒன்றுமில்லாத நிலையை விட அது மேல் என்பதுதான் என் கணக்கு.

நம்ம கடையும் இதில் அடக்கமா?

இதைப் பேசாமல் மனு எழுதினால் அது நேர்மையாக இருக்காது. தாராவியில் தோல் பட்டறையோ இட்லி வியாபாரமோ முறுக்கு போடும் இடமோ, ஆள் வேண்டும் என்றால் ஊருக்குத்தான் போன் போகும். திருநெல்வேலிப் பக்கம் இருந்து மச்சான் மகன் வருவான், கூடவே அவன் கூட்டாளி வருவான். நாம் எல்லாரும் இந்த நகரத்துக்கு வந்ததே அப்படித்தான். நாலு பேர் வேலை செய்யும் பட்டறையில் அரசு ஆள் வந்து, ஏன் பீகார்க்காரரை எடுக்கவில்லை என்று கேட்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. அப்படி வரும் ஆள் கேள்வி கேட்க வரமாட்டார், மாமூல் வாங்கத்தான் வருவார். அதனால் ஓர் எல்லை வேண்டும். அமெரிக்காவின் 15, வட அயர்லாந்தின் 11 எல்லாம் நமக்கு ரொம்பச் சின்னது. தொடக்கத்தில் 50 என்று வைக்கலாம் என்பது என் எண்ணம்.

ஆனால் 200 பேர் வைத்திருக்கும் தமிழ் முதலாளிகளும் இந்த நகரத்தில் உண்டு. அங்கே சர்நேம் கேட்க மாட்டார்கள். "தம்பிக்கு எந்த ஊரு? அந்த ஊர்ல எந்தத் தெரு?" என்று கேட்பார்கள். கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவனுக்கும் தெரியும், அது எதற்கான கேள்வி என்று. மராத்திக் கம்பெனியோ குஜராத்திக் கம்பெனியோ நம்மைக் கேட்டால் வலிக்கிறது. நம் ஆள் நம் ஆளையே கேட்டாலும் அதே அளவுக்கு வலிக்க வேண்டும். தமிழ் தெரிந்த ஆள் தேவை என்றால், தமிழ் தெரிந்தவர் தேவை என்று விளம்பரம் செய்யலாம். தாராவியில் பிறந்து மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் படித்த எந்தச் சாதிப் பிள்ளைக்கும், எந்த மதப் பிள்ளைக்கும் அந்தத் தகுதி இருக்கும்.

மனு இப்போது இருக்கும் நிலை

தொழிலாளர் விவகாரம் பொதுப்பட்டியலில் இருப்பதால் மாநிலமே சட்டம் கொண்டுவரலாம். அதனால் எம்.எல்.ஏ.வுக்குப் போகும் மனுவை முதலில் முடிக்கிறோம். 50 பேருக்கு மேல் வேலை செய்யும் தனியார் நிறுவனங்களுக்குப் பொருந்தும் பாரபட்சத் தடைச் சட்டம், அதில் சாதி, மதம், பாலினம், கல்யாணம், மாற்றுத்திறன் ஆகியவற்றோடு பிறந்த ஊர், தாய்மொழி, குடியிருக்கும் முகவரி. புகார் வராமலேயே சோதனை விண்ணப்பம் அனுப்பவும், தாள்களைக் கேட்டு வாங்கவும் ஆணையத்துக்கு அதிகாரம். விண்ணப்பங்களையும் ஷார்ட்லிஸ்ட் குறிப்புகளையும் கம்பெனி ஒரு வருஷம் அழிக்காமல் வைத்திருக்க வேண்டும். சிறைத் தண்டனை வேண்டாம், நஷ்டஈடும் திருத்தமும் போதும். ஆதாரம் ஓரளவு தெரிந்ததும், காரணம் சொல்லும் பொறுப்பு கம்பெனிக்குப் போக வேண்டும். இங்கிலாந்தின் 2010 சமத்துவச் சட்டத்தில் இந்த விதி இருக்கிறது.

ஒரு வரியில் மட்டும் இன்னும் உடன்பாடு வரவில்லை. கம்பெனி கணக்குக் கொடுக்க வேண்டும் என்றால், விண்ணப்பிப்பவர் தன் சாதியையும் மதத்தையும் எங்காவது சொல்ல வேண்டும். தனித் தாளில், இன்டர்வியூ எடுப்பவர் கண்ணில் படாமல், ஆணையத்துக்கு நேராகப் போகட்டும் என்கிறேன் நான். சர்நேம் கேள்வியை மூன்று தடவை சந்தித்த அந்தப் பெண் பிள்ளை, எந்தத் தாளிலும் எழுத மாட்டேன் என்கிறாள். அவளை மீறி அந்த வரியைச் சேர்க்க எனக்கு மனசு வரவில்லை. வருகிற சனிக்கிழமை ஆறு மணிக்கு மறுபடியும் உட்காருகிறோம்.